விலகி நிற்கும் எலக்ட்ரான்கள் எவ்வாறு இணைகின்றன?

சித்தூர் மாவட்டத்தின் பால்பண்ணை விவசாயிகளுக்குத் திரவ நைட்ரஜன் புதிய பொருளன்று. கால்நடை மருத்துவமனைகளில் உறைவிந்து அதில்தான் பாதுகாக்கப்படுகிறது. 77 கெல்வினில் கொதிக்கும் அத்திரவமே, 1987-ஆம் ஆண்டில் இயற்பியலாரின் ஆய்வுக்கூடங்களிலும் பெருமதிப்புப் பெற்றது.

1911-இல் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தின் மின்தடை மறைவதைக் கண்டபோது, அதற்கு ஏறத்தாழ 4 கெல்வின் குளிர்ச்சி தேவைப்பட்டது. விலைமிக்க ஹீலியமே அதனைத் தரவல்லது. படிகத்தின் அதிர்வுகள் எலக்ட்ரான்களை இணை இணையாகச் சேர்ப்பதே காரணம் என்பது 1957-இல் விளங்கிற்று. 1986-இல் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் தாமிர ஆக்சைடு ஒன்றில் 30 கெல்வினை ஒட்டிய வெப்பநிலையிலேயே மீக்கடத்துதலின் அறிகுறிகளைக் கண்டனர். மறு ஆண்டே யிட்ரியம் கலந்த ஆக்சைடு 90 கெல்வினைத் தாண்டியது. மாட்டுவிந்தைக் காக்கும் திரவமே போதுமென்றாயிற்று.

விந்தை யாதெனில், இவற்றின் தாய்ப்பொருள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை. வழக்கமான கணக்குப்படி லாந்தனம் தாமிர ஆக்சைடு உலோகமாக இருத்தல் வேண்டும். ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாக விலக்குவதால், தாமிர அணுவுக்கு ஒன்றாக அசையாது நின்றுவிடுகின்றன. திருமலையில் நிறைந்துவிட்ட காத்திருப்புக் கூடத்தைப் போன்றது இது; சிலர் வெளியேறினாலன்றி எவரும் நகர இயலாது. லாந்தனத்தில் ஒரு பகுதியை நீக்கி ஸ்ட்ரான்சியத்தைச் சேர்த்தால் அத்தகைய காலியிடங்கள் உண்டாகின்றன. அப்போதுதான் மீக்கடத்துதல் பிறக்கிறது.

விலக்குவன எவ்வாறு இணையும்? 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் ஆண்டர்சன் ஒரு விடையை முன்வைத்தார். அடுத்தடுத்த எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் ஏற்கெனவே இணைந்து, துணை மாறிக்கொண்டே இருக்கின்றன. காலியிடம் தோன்றியதும் அவ்விணைகளே மின்னோட்டத்தைச் சுமக்கின்றன என்பது அவர் கருத்து. அவ்வாண்டே பிரின்ஸ்டனில் அவருடனும் சூவுடனும் சேர்ந்து இதற்குக் கணித வடிவம் தந்தவர் ஜி. பாஸ்கரன், பின்னர் நெடுங்காலம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய தமிழர். துணிவான கருத்துத்தான், எனினும் அனைவரும் ஏற்கும் கோட்பாடு இன்றளவும் உருவாகவில்லை.

இது ஏட்டளவான குறையன்று. கோட்பாடு இன்மையால் புதிய பொருள்களைப் பெரும்பாலும் சோதித்துச் சோதித்தே தேட வேண்டியுள்ளது. கிடைத்தவையோ ஓடுபோல் நொறுங்கும் பீங்கான்கள். அவற்றை நீண்ட கம்பியாக்குவது கடினம், செலவும் மிகுதி. ஆகவே மருத்துவமனைகளின் காந்த ஒத்ததிர்வுக் கருவிகளில் பெரும்பாலானவை இன்னும் நியோபியம் டைட்டானியக் கம்பியையும், இறக்குமதியாகும் ஹீலியத்தையுமே நம்பியுள்ளன.

யிட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்சைடு ஆகியவற்றை உரிய அளவில் அரைத்து, 900 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு, ஆக்சிஜனில் மெல்ல ஆறவிட்டால் மீக்கடத்தி வில்லை கிடைக்கும். திருப்பதியின் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இது இயலும். நைட்ரஜனில் குளிர்ந்த அவ்வில்லையின் மேல் சிறு காந்தம் மிதப்பதை மாணவர் கண்ணாரக் காணலாம்.