மின்சார வண்டியும் முதலாளி பக்தியும்

(சங்கரன்கோவில் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் விவாதத்திற்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஓலா மின்சார ஸ்கூட்டர் கம்பெனியைப் பற்றியதாகும். நமக்கு முன் பேசிய தோழர்களில் ஒரு சாரார், “அக்கம்பெனி நம் தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரி ஜில்லா போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வைத்து, இந்தியா முழுவதிலும் முதலிடம் பிடித்த கம்பெனி, அதைக் குறை கூறுவது பொறாமை, சுதேசித் தொழிலுக்குச் செய்யும் துரோகம்” என்று பேசினார்கள். மற்றொரு சாரார், “அது மோசக் கம்பெனி, மின்சார வண்டி என்பதே ஏமாற்று” என்று பேசினார்கள். இரு சாராருக்கும் பலமான கைதட்டல் கிடைத்தது. இரண்டு பேச்சுக்குமே கைதட்டியவர்கள் சிலர் இருந்ததையும் நாம் கவனித்தோம். (சிரிப்பு)

நம்முடைய அபிப்பிராயத்தில் இவ்விரண்டும் பக்தியேயாகும். ஒன்று கையெடுத்துக் கும்பிடுகிற பக்தி. மற்றொன்று மண்ணை வாரித் தூற்றுகிற பக்தி. இரண்டிலும் விசாரணை என்பது இல்லை. ஆகவே நாம் முதலில் விசாரணை செய்வோம். தீர்ப்பை நீங்கள் பிறகு சொல்லுங்கள்.

முதலிடம் என்பதை எடுத்துக்கொள்வோம். அது உண்மையாகவே இருந்தது. அதை மறைப்பது நம்முடைய வேலையல்ல. 2020 டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2021 ஆகஸ்டு 15-ந்தேதி முதல் வண்டியை வெளியிட்ட கம்பெனி, 2024 ஏப்ரலில் இந்தியாவில் பதிவான மின்சார இருசக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. இது சாமானியமான காரியமல்ல. பெட்ரோல் வண்டிக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களைத் தட்டி எழுப்பிய பெருமை அதற்கு உண்டு.

ஆனால் அந்த முதலிடம் எத்தனை நாள் இருந்தது? 2024 டிசம்பர் மாதப் பதிவில் பஜாஜ் முந்திற்று. 2025 ஏப்ரலில் ஓசூர் டி.வி.எஸ். முந்திற்று. 2025 நவம்பர் மாதப் பதிவில் ஓலா ஐந்தாம் இடத்திற்கு வந்துவிட்டது. அப்படியானால், முதலிடத்தில் இருந்தபோது யோக்கியமாயிருந்த கம்பெனி, ஐந்தாம் இடத்திற்கு வந்ததும் அயோக்கியமாகிவிட்டது என்று அர்த்தமா? அல்லது இன்று முதலிடத்தில் இருப்பவர்களெல்லாம் யோக்கியர்கள் என்று அர்த்தமா? இரண்டுமில்லை. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது ஒரு கணக்கு. வாங்கினவர்களை எப்படி நடத்தினார்கள் என்பது வேறொரு கணக்கு. முதற் கணக்கைக் காட்டி இரண்டாம் கணக்கை மறைப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம்.

இந்தச் சங்கரன்கோவில் வாசிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆடித் தபசுக்கு இவ்வூரில் லக்ஷக்கணக்கில் கூட்டம் கூடுகின்றது. வந்தவர்கள் புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசுகின்றார்கள். தோல் வியாதி தீரும் என்று மேலெல்லாம் தடவுகின்றார்கள். கூட்டம் லக்ஷமாக இருப்பதால் மண் மருந்தாகிவிடுமா? “இத்தனை பேர் முட்டாள்களா?” என்று நம்மைக் கேட்கின்றார்கள். அதே கேள்வியைத்தான் இன்று ஓலா பக்தர்களும் கேட்டார்கள். தலையை எண்ணி மருந்தைத் தீர்மானிக்க முடியாதென்றால், தலையை எண்ணி வண்டியையும் தீர்மானிக்க முடியாது.

நிற்க, நடத்தைக்கு வருவோம். நாம் சொல்லப்போவதெல்லாம் பகிரங்கமாக வெளிவந்த சங்கதிகளேயாகும்.

ஒன்று. மின்சார வண்டிக்கு மத்திய சர்க்கார் பொதுப்பணத்திலிருந்து மானியம் கொடுத்தது. தொழிற்சாலை விலை ஒன்றரை லக்ஷம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வண்டியை அந்த விலைக்குள் காட்டிவிட்டு, சார்ஜருக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். சார்ஜர் இல்லாத மின்சார வண்டி, அடுப்பில்லாத சமையற்கட்டுப் போன்றதல்லவா? விஷயம் கிளம்பிய பிறகு 2023-ல் சுமார் 130 கோடி ரூபாயை வாங்கினவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஓலா ஒப்புக்கொண்டது. இதில் ஓலாவை மாத்திரம் குற்றம் சொல்லுவது நியாயமாகாது. ஏதர், டி.வி.எஸ்., ஹீரோ கம்பெனிகளும் இப்படியே பணத்தைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டவைதான்.

இரண்டு. 2022 மார்ச்சில் புனா நகரத்தில் ஓலா வண்டி ஒன்று தீப்பற்றிற்று. அடுத்த மாதம் 1,441 வண்டிகளைச் சோதனைக்காகக் கம்பெனி திரும்ப அழைத்தது. அழைத்தது சரியான காரியம், அதைப் பாராட்டுவோம். ஆனால் நெருப்பு வந்த பிறகு செய்யும் சோதனையை, விற்பதற்கு முன் செய்ய வேண்டியது யார் பொறுப்பு என்றும் கேட்போம்.

மூன்று. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு முடிய ஒரு வருஷத்தில் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசிக்கு இக்கம்பெனியின்மீது 10,644 புகார்கள் வந்தன. பழுது பார்ப்பதில் தாமதம், வண்டியைக் கொடுப்பதில் தாமதம், சொன்னபடி செய்யாமை ஆகியவைகளே முக்கியமானவை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிற்று. 100-க்கு 99.1 புகார்களைத் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி பதில் சொல்லிற்று. ஆணையம் அத்துடன் திருப்தியடையாமல் மேல்விசாரணைக்கு உத்தரவு போட்டது.

நான்கு. 2025 பிப்ரவரியில் 25,000 வண்டிகள் விற்றதாகக் கம்பெனி அறிவித்தது. சர்க்கார் பதிவேட்டில் அம்மாதம் ஏறியவை 9,000-க்கும் குறைவு. பதிவு செய்யும் ஏஜெண்டுகளோடு ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறினால் பதிவு தாமதமாயிற்று என்று கம்பெனி காரணம் சொல்லிற்று. அதற்கு முந்தின மாதத்தில்தான், கடைகளைப் பெருக்கும் செய்தியைப் பங்குச் சந்தைக்கு முறைப்படி தெரிவிப்பதற்கு முன் கம்பெனித் தலைவர் தம் சமூக வலைத்தளக் கணக்கில் வெளியிட்டதற்காக ‘செபி’ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு விற்ற பங்கு, அதே மாதத்தில் 150 ரூபாய்க்கு மேல் ஏறி, 2025-ல் 50 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. கைப்பேசியில் பங்கு வாங்கும் பிள்ளைகள் இவ்வூரிலும் இருக்கின்றார்கள். அவர்கள் கேட்க வேண்டியது, “விற்றேன் என்பது எந்தக் கணக்கு? பதிவான கணக்கா, வாய்க் கணக்கா?” என்பதேயாகும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “குறை சொல்லுகிறவன் கூலிக்குப் பேசுகிறவன்” என்று சொல்லுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் குணால் காம்ரா என்கின்ற ஹாஸ்யப் பேச்சாளர், பழுதாகிக் குவிந்து கிடக்கும் ஓலா வண்டிகளின் படத்தைப் போட்டு, இதற்கு என்ன பதில் என்று கேட்டார். கம்பெனித் தலைவர் பவிஷ் அகர்வால் அவர்கள், அது காசு வாங்கிப் போட்ட செய்தி என்றும், அவருடைய ஹாஸ்யத் தொழில் தோற்றுப்போனது என்றும் எழுதினார். காம்ராவின் ஹாஸ்யம் நன்றாயிருக்கின்றதா இல்லையா என்பதல்லவே கேள்வி? வண்டி ஏன் கிடக்கின்றது என்பதல்லவா கேள்வி? கடவுள் எங்கே என்று கேட்டால், “நீ நாஸ்திகன், உனக்கென்ன தெரியும்” என்று புரோகிதர் சொல்லும் பதிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

வண்டி கிடந்தால் பணக்காரனுக்கு நஷ்டமில்லை. அவன் காரில் போவான். இவ்வூர்ப் பூ வியாபாரி ஒருவர் தவணைக்கு வண்டி வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் பூவைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியவர். வண்டி பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு மாதம் நின்றால், பூ வாடும், வாடிக்கை போகும், ஆனால் தவணை மாத்திரம் தேதி தவறாமல் கேட்கும். பேட்டரிக்கு 8 வருஷ உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். பழுது பார்க்க ஆளும் சாமானும் இல்லாவிட்டால் அந்த உத்தரவாதத்தைக் கொண்டு பூக்கூடையைச் சுமக்க முடியுமா?

இனி சுதேசி வாதம். ஓலா வண்டியின் மூலம், 2020-ல் அக்கம்பெனி விலைக்கு வாங்கிய எட்டர்கோ என்னும் டச்சுக் கம்பெனியின் வண்டியாகும். வாங்கினதில் தப்பொன்றும் இல்லை, அறிவுக்கு தேசமில்லை. ஆனால் 2024-ல் இதே தலைவர், சனி, ஞாயிறு விடுமுறை என்பது நம் தேசத்து வழக்கமல்ல, மேல்நாட்டு வழக்கம் என்ற கருத்தைச் சொன்னார். தோழர்களே! வண்டி மேல்நாட்டு வழி வந்தது. பங்கு விற்கும் முறை மேல்நாட்டிலிருந்து வந்தது. கம்பெனிச் சட்டமும் அப்படியே. தொழிலாளி ஒரு நாள் காலை நீட்டிப் படுப்பது மாத்திரம்தானா அந்நியப் பழக்கமாகிவிட்டது? (சிரிப்பு, கைதட்டல்)

உண்மையான சுதேசிக்காரர் நம் சீமையிலேயே இருந்தார். ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தினார். அவரும் கம்பெனிக்காரர்தான், பங்கு விற்றவர்தான். ஆனால் 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். கூலி உயர்வோடு அவர்கள் ஜெயித்தது என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை விடுமுறை! ஆகவே வார விடுமுறை என்பது வெள்ளைக்காரன் பிச்சை போட்டதல்ல. வெள்ளைக்கார முதலாளியிடமிருந்து நம் தூத்துக்குடித் தொழிலாளி வாதாடி வாங்கினது.

ஒரு விஷயத்தில் ஓலாவை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். போச்சம்பள்ளித் தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஆண்களைப் போலவே பெண்களும் எத்தொழிலையும் செய்ய உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் நம் இயக்கம் தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் பலர். பெண் கையில் திருகு முடுக்கும் கருவியைக் கொடுத்த கம்பெனியை நாம் வாழ்த்துகின்றோம். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா, குழந்தையைப் பார்க்க இடமுண்டா, சங்கம் வைக்க உரிமையுண்டா என்று கேட்பதையும் விடமாட்டோம். வேலை கொடுத்தது உபகாரம் என்று சொல்லி வாயை மூடச் செய்தால், அது மாமியார் வீட்டுச் சோற்றைப் போன்றதேயாகும்.

“ஓலாதான் இப்படி, மற்றவர்கள் உத்தமர்கள்” என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்தைப் பாருங்கள். மின்சாரக் காரில் வெகுகாலம் முதலிடம் வகித்தது அமெரிக்காவின் டெஸ்லா. அதன் தலைவர் எலான் மஸ்க், 2018-ல் கம்பெனியைப் பங்குச் சந்தையிலிருந்து எடுக்கப் பணம் தயார் என்று எழுதிய ஒரு வரிக்காக வழக்குக்கு ஆளாகி, அவரும் கம்பெனியும் தலைக்கு 2 கோடி டாலர் கட்டினார்கள்; அவர் சபைத் தலைவர் பதவியையும் விட்டார். டெஸ்லாவை முந்திய சீனத்து பி.ஒய்.டி. கம்பெனிக்காக பிரேசிலில் கட்டிய தொழிற்சாலையில், 2024 டிசம்பரில், ஒப்பந்தக்காரரின் கீழ் 163 சீனத் தொழிலாளிகள் அடிமைகளுக்கொப்பான நிலையில் இருந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் கண்டு மீட்டார்கள். பிறகு அந்த ஒப்பந்தக்காரரைக் கம்பெனி நீக்கிவிட்டது. ஆகவே முதலிடம் கை மாறுவதால் நாணயம் தானாக வந்துவிடாது. கேட்கிறவன் இருந்தால்தான் வரும்.

மின்சார வண்டியே வேண்டாம் என்கின்ற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வியாபாரி கலப்படம் செய்தான் என்பதற்காக யாரும் சோறு தின்பதை விட்டுவிடுவதில்லை. புகையில்லாத, ஓட்டச் செலவு குறைந்த வண்டி ஏழைக்குத்தான் அதிகம் வேண்டும். ஓலாவை விட்டவர்கள் பெட்ரோலுக்கே திரும்பிவிடவில்லை. பலர் ஓசூரில் செய்த வேறு மின்சார வண்டியை வாங்கினார்கள். விஞ்ஞானம் தோற்கவில்லை; வியாபாரத்தின் யோக்கியதைதான் பரீக்ஷைக்கு வந்தது.

கடைசியாக, நாம் செய்ய வேண்டியது என்ன? புது வண்டி வாங்கியதும் நம்மவர்கள் என்ன செய்கின்றார்கள்? கோவில் வாசலில் நிறுத்திச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்குகின்றார்கள். உத்தரவாதக் காகிதத்தையோ ஒருவரும் படிப்பதில்லை. எலுமிச்சம் பழம் பேட்டரியைக் காக்காது, காகிதம் காக்கும். வாங்குமுன் பழுது பார்க்கும் இடம் எத்தனை மைலில் இருக்கின்றதென்று கேளுங்கள். முன்பு வாங்கினவர் வீட்டிற்குப் போய் விசாரியுங்கள். பழுதுக்கு விட்டால் தேதி போட்டு ரசீது வாங்குங்கள். ஏமாற்றினால் 1915 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சாமானின் விலை 5 லக்ஷம் வரையில் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆத்திரத்தில் கடைக்கு நெருப்பு வைக்காதீர்கள். 2024-ல் கலபுரகியில் ஒருவர் அப்படிச் செய்தார். கம்பெனியின்மீது இருந்த வழக்கு அவர்மீது திரும்பிற்று.

தோழர்களே! காசு கொடுத்து வாங்குகிறவன் பிச்சைக்காரனல்ல. கூலிக்கு வேலை செய்கிறவன் அடிமையல்ல. இருவரும் தலைநிமிர்ந்து கணக்குக் கேட்பதற்குப் பெயர்தான் சுயமரியாதை. நாம் சொன்னதையும் அப்படியே நம்பி விடாமல், விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.