உத்தியோகம் விட்டுவைத்த வேலை



பணி நிறைவு நாளில் சால்வை போர்த்துகிறோம், மாலை போடுகிறோம், "இனிமேலாவது நிம்மதியாக இருங்கள்" என்று வாழ்த்தி வீடுவரை கொண்டுபோய் விடுகிறோம். அன்போடு சொல்லும் வாழ்த்துதான். ஆனால் ஆறு மாதம் போனால் அந்த நிம்மதியே பலருக்குப் பாரமாகிவிடுகிறது. நடைப்பயிற்சி, கோயில் சுற்றுலா, மாடித்தோட்டம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறோம். எல்லாம் நல்லவையே. ஆனாலும் 'நாளைக்கு நான் போகாவிட்டால் ஒருவருக்குக் காரியம் கெட்டுவிடும்' என்ற எண்ணத்தை அவை தருவதில்லை. வயதானவரைக் காலையில் உற்சாகமாக எழுப்புவது அந்த எண்ணம்தான். அதைத் தரும் வேலையை எங்கோ போய்த் தேட வேண்டாம் என்பதே என் வாதம். முப்பது ஆண்டு பார்த்த உத்தியோகத்தில் நேரமில்லாமலோ அதிகாரமில்லாமலோ விட்டுப்போன பகுதி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுதான் அந்த வேலை.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றது 1976-இல், 58-ஆம் வயதில். இளமையிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையைப் பழக்கிப் பழக்கியே கண்புரை அறுவை செய்யக் கற்றவர். அரசு மருத்துவராக இருந்தபோதே ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். ஆனால் முகாமில் கண்டுபிடிக்கும் அத்தனை பேருக்கும் அறுவை செய்து அனுப்ப ஓர் அரசு மருத்துவமனையின் ஒரு பிரிவால் முடியுமா? அந்தப் பாக்கியைத்தான் ஓய்வுக்குப் பிறகு கையில் எடுத்தார். 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. அங்கே வேலை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். இரண்டு மேசைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் தயாராகப் படுக்க வைத்திருப்பார்கள். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கியை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். மருத்துவரின் நேரத்தில் ஒரு நிமிடம் வீணாகாது. காசு கட்ட முடிந்தவர் கட்டுவதில், முடியாதவருக்கும் பார்வை கிடைத்தது. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டு விலையில் ஏழைக்கு எட்டாது என்பதால் 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே செய்தார்கள். அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல். செய்தது புதிய தொழில் அல்ல, அதே கண்புரைதான். எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை மட்டுமே புதிது.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு சான்று பக்கத்திலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றது 1919-இல். குறுந்தொகையை உரையோடு வெளியிட்டது 1937-இல், வயது 82. அந்த நூல் 1915-லேயே ஒருமுறை அச்சாகிவிட்டது. பழைய உரைகளோ கிடைக்கவில்லை. அச்சில் வந்ததுதானே என்று விட்டுவிடாமல், ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்து, உரையையும் தாமே எழுதினார். வகுப்பு நடத்த வேண்டிய கட்டாயம் தீர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்த நேரம் அப்படிச் செலவானது.

'அவர்கள் மேதைகள், எங்களை எதற்கு ஒப்பிடுகிறீர்கள்' என்று கேட்பீர்கள். நியாயம். அவர்கள் அளவுக்கு யாரும் செய்ய வேண்டாம். அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதை மட்டும் பாருங்கள். 'கிழவர்கள் விலகினால்தானே இளைஞருக்கு வேலை' என்பதும் சரியே. இருவருமே நாற்காலியைக் காலி செய்தவர்கள்தான். பணி நீட்டிப்பு கேட்டு நிற்பதை நான் ஆதரிக்கவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்காத, அதனாலேயே யாரும் செய்யாத வேலைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அறுபது வயதில் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவிடம் வாழ்க்கையின் பொருள் பற்றிப் பேசுவது அநியாயம். அவருக்கு முதலில் தேவை ஓய்வு, அதற்கு வழிசெய்யும் ஓய்வூதியம். என் வாதம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதற்கு மாற்றாக அல்ல. நம் வீட்டுப் பெண்கள் நிலையும் இதுவே. கணவர் ஓய்வுபெற்ற மறுநாளும் அடுப்படியில் நிற்பது மனைவிதான். பேரப்பிள்ளை வளர்ப்பு மகிழ்ச்சியான வேலைதான், ஆனால் கேட்டுக் கொடுக்க வேண்டும். தலையில் கட்டக் கூடாது. கணவர் பொதுக்காரியத்துக்குக் கிளம்பும்போது காபி போட்டுத் தருகிறவருக்கும் விட்டுப்போன வேலை ஒன்று இருக்கலாம். ஆகவே ஐயாமார்கள் முதலில் சமையலறையில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம்மிடமும் அப்படி விட்டுப்போன வேலை உண்டு. இந்த அரங்கில் வருவாய்த் துறையில் இருந்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு முதியோர் உதவித்தொகை மனு எந்தத் தாள் இல்லாததால் திரும்புகிறது என்று உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அலுவலகத்தில் இருந்தபோது வரிசை நீளமாக நின்றது; விளக்கிச் சொல்ல நேரமில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்தீர்கள், மனு கொண்டுவந்த அம்மா பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மறுபடி வந்தார். இப்போது நேரம் இருக்கிறது. சனிக்கிழமை காலை கிளை நூலகத்தில் ஒரு மேசை கேட்போம். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், உதவித்தொகை எதுவானாலும் மனு எழுதிக் கொடுப்போம்; இணைக்க வேண்டிய நகல்களைச் சரிபார்ப்போம். காசு வாங்கக் கூடாது, சிபாரிசுக்குப் போகக் கூடாது. முதல் மாதத்துக்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்தால் போதும். பெயர் எழுத நம் ஓய்வூதியர் சங்கச் செயலாளரிடம் நோட்டு இருக்கிறது.