மேற்கே இருட்டினால் யார் சொல்வது?



தென்காசிச் சீமையில் மழையைப் பற்றிப் பேசு என்று ஒருவரை மேடையேற்றினால் அவர் சாரலைப் பற்றித்தான் பேசுவார். ஆனி, ஆடி, தென்மேற்குப் பருவக்காற்று, பேரருவி, ஐந்தருவி என்று பேச்சு போகும். அந்தச் சாரல் நல்ல பிள்ளை. வரும் மாதம் நமக்குத் தெரியும். வந்தால் நாள்கணக்கில் மெல்லத் தூவிக்கொண்டு நிற்கும். நான் பேச வந்திருப்பது வேறொரு மழையைப் பற்றி. சித்திரையிலும் வைகாசியிலும் காலையெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, மூன்று மணிக்கு மேற்கே கறுத்து, நான்கு மணிக்கு இடியும் காற்றுமாக இறங்கி, ஐந்தரைக்குள் ஓய்ந்துவிடுகிறதே, அந்தக் கோடை இடிமழையைப் பற்றி.

2024 மே 17. பள்ளிகளுக்கு விடுமுறை. பழைய குற்றாலத்தில் சனம் குளித்துக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே பெய்த மழை திடீரென்று காட்டாற்று வெள்ளமாக இறங்கியது. ஆட்கள் நின்றுகொண்டிருந்த படிகளின் மேலேயே தண்ணீர் புரண்டது. ஓடியவர்கள் தப்பினார்கள். 17 வயதுப் பிள்ளை ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று. அவன் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் காட்சியை இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது செல்போனில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம். எனக்கு மட்டும் ஒரு கேள்வி இன்றுவரை விடவில்லை. கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாத அந்த மழை, மேலே பெய்யத் தொடங்கியபோது அதைப் பார்த்தவர் யார்? பார்த்தவர் யாரிடம் சொன்னார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு சென்னைக்கும் டெல்லிக்கும் மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று விளக்குகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கோடை மழை உருவாகும் விதத்தைப் பாருங்கள். காலை வெயிலில் தரை காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகிறது. மதியத்துக்கு மேல் தூத்துக்குடிக் கரையிலிருந்து கடற்காற்று, கரிசல் காட்டைத் தாண்டி, ஈரத்தைச் சுமந்துகொண்டு நம் பக்கம் வருகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இன்னொரு காற்று நுழைகிறது. இரண்டும் மலையடிவாரத்தில் முட்டிக்கொள்ளும்போது, ஈரக்காற்று போக இடமில்லாமல் செங்குத்தாக எழும்புகிறது. மேலே போகப்போகக் குளிர்ந்து நீர்த்துளியாகிறது. அப்படி ஆகும்போது அது வெளிவிடும் வெப்பமே மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த ஒரு மேகம் நிற்கும். அதன் அகலமோ சில கிலோமீட்டர்தான். அதனால்தான் செங்கோட்டையில் தெரு ஆறாக ஓடும்போது இலஞ்சியில் வற்றல் காய்ந்துகொண்டிருக்கிறது.

இந்த மழையை முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. உலகத்தில் பெரிதும் நம்பப்படுகிற ஐரோப்பிய வானிலைக் கணினி மாதிரி பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நம் நாடு 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டங்களில் பார்க்கிறது. பெருமைப்பட வேண்டிய முன்னேற்றம் அது. ஆனாலும் ஒரே கட்டத்துக்குள் ஒரு மேகம் முழுதாக ஒளிந்துகொள்ளலாம். ரேடாரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடார் 2002இல் பயன்பாட்டுக்கு வந்தது. நமக்கும் அதற்கும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. திருவனந்தபுரம் ரேடார் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவே மலை நிற்கிறது. மேகத்தின் உச்சி அதற்குத் தெரியும், அடிப்பக்கம் மறைந்துபோகும். ஆக, வானிலை ஆய்வு மையம் நம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லி, அடுத்த 3 மணி நேரத்துக்குள் இடியுடன் மழை என்று அறிவிக்கும்போது, அது தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. எந்த அருவிக்கு மேலே, எந்த ஓடையில் என்ற மிச்சக் கேள்வி இருக்கிறதே, அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தின் கேள்வி, அதற்குப் பதில் உள்ளூர்க்காரன் கண்ணில்தான் இருக்கிறது.

இங்கேதான் மழை ஆர்வலர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டில் இவர்கள் ஒரு கூட்டமாகவே வளர்ந்திருக்கிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பல குடும்பங்கள் தூங்கப்போயின. கோடை இடிமழைக்கு அவர் எழுதும் 'டமால் டுமீல்' என்ற பெயர் இப்போது பொதுச்சொத்து. டெல்டாவில் மன்னார்குடி செல்வகுமார் சொல்வதைக் கேட்டுவிட்டு அறுவடை நாளை முடிவு செய்கிற விவசாயிகள் உண்டு. இவர்களைப் பார்த்து ஊருக்கு ஊர் இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். மதியம் சாப்பிட்ட கையோடு இன்சாட் செயற்கைக்கோள் படத்தைத் திறக்கிறான் ஒரு பையன். மலைத்தொடரின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த படத்தில் அது பெருத்திருக்கிறது. உடனே மாடிக்கு ஓடி மேற்கே பார்க்கிறான். மேகத்தின் தலை இன்னும் பூக்கோசு மாதிரி திரண்டு மேலேறுகிறதா, உச்சியில் தட்டையாக விரிந்துவிட்டதா என்று கவனிக்கிறான். விரிந்துவிட்டால் அது முற்றிய இடிமேகம். "கடையநல்லூருக்கு மேற்கே இடிமேகச் செல் ஒண்ணு ஃபார்ம் ஆயிருக்கு, கருப்பாநதிப் பக்கம் கவனம்" என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்புகிறான். இதை வேலையற்ற வேலை என்று வீட்டில் திட்டுகிற பெற்றோர் இருக்கிறீர்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். அவன் செய்வது ஊர்க்காவல்.

நம் மண்ணுக்கு இது புதிதுமில்லை. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தச் சீவலப்பேரிதான் முக்கூடல். அந்த ஊரின் பெயரால் எழுந்த முக்கூடற்பள்ளு என்ற நூலில், நாளைக்கு ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கான அடையாளங்களை உழவர்கள் அடுக்குகிறார்கள். எந்தத் திக்கில் மின்னல் வெட்டுகிறது, நண்டு தன் வளையை என்ன செய்கிறது என்பதெல்லாம் அதில் வருகிறது. இதை இலக்கியச் சுவைக்காக மட்டும் வகுப்பில் நடத்துகிறோம். எனக்கு அது ஓர் உழவரின் கண்காணிப்புக் குறிப்பாகவே படுகிறது. ஆறு பொங்குவதற்கு முதல்நாள் மலையைப் பார்க்க வேண்டும் என்பது அந்த உழவருக்குத் தெரிந்திருந்தது.

பார்ப்பதோடு அளக்கவும் வேண்டும். அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன். மழைமானி என்பது பெரிய இயந்திரமில்லை. ஒரு புனல், ஒரு கலம், ஓர் அளவுக்குழாய். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்திலாவது, வெட்டவெளியில் வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். நாடு முழுவதும் அந்த நேரம்தான் கணக்கு. 8.25க்குக் கையில் குழாயோடு நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். சித்திரையில் வேப்பம்பூ உதிரும் காலம் என்பதால் முதல்நாள் மாலையே புனலைத் துடைத்து வைப்பார்கள். ஒரு பூ துவாரத்தில் ஒட்டிக்கொண்டால் போதும், தண்ணீர் மேலேயே தேங்கி, அளப்பதற்குள் ஒரு பங்கு ஆவியாகிவிடும். குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தண்ணீரின் வளைவில் கீழ்விளிம்பு தொடுகிற கோட்டைப் படிப்பார்கள். மழை இல்லாத நாளிலும் நோட்டில் பூஜ்யம் எழுதுவார்கள். அந்தப் பூஜ்யம் எழுதாத நோட்டை யாரும் நம்ப முடியாது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்டிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் நாற்பதாயிரம் லிட்டர். மலைமேல் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால், பாறைச்சரிவில் அது எவ்வளவு வேகமாகக் கீழே வரும் என்று பிள்ளைகளே, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் தரை காய்ந்து இறுகிக் கிடப்பதால் உறிஞ்சுவதும் குறைவு. பெய்த மழையில் பெரும்பங்கு ஓடத்தான் செய்யும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்று இந்தியா முழுக்கப் பேசியது. அந்த ஊரில் ஒரு மழைமானி இருந்தது, அளக்க ஆள் இருந்தார், அதனால் தெரிந்தது. நம் மாவட்டத்தில் தென்காசி, செங்கோட்டை, ஆய்க்குடி, சிவகிரி, சங்கரன்கோவில், கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகள் என்று பல இடங்களில் அளக்கிறார்கள். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, நடுநடுவே விடுபட்ட ஊர்களைக் குறித்துப் பாருங்கள். கோடை மழை அந்த இடைவெளிகளில்தான் கொட்டும்.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளத்துக்கு ஓடத் தெரிந்தவர்கள்கூட மின்னலுக்கு மரத்தடியில் ஒதுங்குகிறார்கள். ஆடு மேய்க்கிற அண்ணாச்சிமார்களும் நூறுநாள் வேலைக்குப் போகிற அக்காமார்களும்தான் வெட்டவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள். மின்னல் தெரிந்து, நொடிக்கு ஒன்றாக மூன்று எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது ஒரு கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள். அப்போதே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி விழும் மின்னலைக் காட்டும். செல்போன் வைத்திருக்கிற பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் இன்று ராத்திரியே அதை இறக்கி, வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள்.

மழை ஆர்வலர்களான தம்பிமார்களிடம் உரிமையோடு சொல்ல எனக்கொன்று இருக்கிறது. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. இந்த நிறங்களை அறிவிக்கும் அதிகாரம் வானிலை ஆய்வு மையத்துக்கு மட்டுமே உண்டு. நீங்கள் நிறம் கொடுக்காதீர்கள். போன வருடத்து வீடியோவை இன்றைக்கு என்று அனுப்பாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள்: இடம், நேரம், எவ்வளவு மழை, எந்தப் பக்கம் நகர்கிறது. இரண்டு தடவை பொய்யான பயத்தைக் கிளப்பிவிட்டால், மூன்றாம் தடவை உண்மையைச் சொன்னாலும் ஊர் காதில் வாங்காது. அதற்கு விலை ஓர் உயிராக இருக்கலாம்.

அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். மலையடிவார ஊர்களில் நம்பகமாக அளக்கிறவர்களை அழைத்துப் பேசுங்கள். அவர்கள் பதிவேட்டைப் பாருங்கள். மேலே கொட்டுகிறது என்று அவர்களில் ஒருவர் போன் செய்தால், அருவிக்கரையில் பணியில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி சில நிமிடத்தில் போய்ச் சேர ஒரு வழி வகுத்துக் கொடுங்கள். குளிக்க வருகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி பலகையில் எழுதி வையுங்கள்: தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், அருவியின் சத்தம் மாறினால், துணியைத் தேடாமல் மேடான இடத்துக்கு ஏறிவிடுங்கள் என்று. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அந்தப் பலகையில் அதையும் பெரிதாக எழுதுங்கள்.

பங்குனி முடியப்போகிறது. சித்திரை பிறந்தால் நம் விவசாயிகள் பொன்னேர் பூட்டுவார்கள், மேற்கே மேகம் கட்டத் தொடங்கும். இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மலையடிவாரத்துப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வையுங்கள். விடுமுறையிலும் அளக்க இரண்டு பிள்ளைகளையும் ஒரு பெரியவரையும் நியமியுங்கள். முதல் இடி இடிப்பதற்குள் அந்த நோட்டில் முதல் பூஜ்யத்தை எழுதத் தொடங்கிவிடுங்கள்.