சாலை கற்றுக்கொடுத்த பழக்கம்



நெடுஞ்சாலை விபத்துக்குப் பெரிதும் காரணம் ஓட்டுகிறவரா, சாலை அமைப்பா என்பது தலைப்பு. சாலை அமைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "லாரிக்காரர் இடது பக்கம் போக வேண்டியவர். வலது பக்கத்தைப் பிடிச்சா விடவே மாட்டேங்கிறார். ஒழுக்கம் இல்லை" என்றார். வலது பக்கம் போகிறார், உண்மைதான். ஏன் போகிறார் என்று யாராவது கேட்டோமா?

ஸ்ரீநகரிலே கிளம்பி, நம்ம திண்டுக்கல்லைத் தொட்டு, கன்னியாகுமரி வரைக்கும் போகுதே, நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை! நம்ம பக்கத்தில் அன்றைக்கு அதற்கு எண் 7, இன்றைக்கு 44. அதிலே கரூரிலிருந்து மதுரைக்குப் பாரம் ஏற்றிப் போகிறவரை நிறுத்திக் கேளுங்கள். என்ன சொல்வார்? "அண்ணே, இடது பக்கம் போனா டீக்கடை வாசல்ல வண்டி நிக்குது. பஸ் நின்னு ஆள் ஏத்துது. சர்வீஸ் ரோட்டுலேருந்து யாரு எப்ப ஏறுவாங்கன்னு தெரியாது. வலது பக்கம் அரளிச் செடிதான். அது குறுக்கே வராதுண்ணே!" (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இது திமிர் இல்லை, பயம். இந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே சாலைதான்!

அதனால் என்ன ஆகிறது? லாரி வலது பக்கம் போனால், பின்னால் வரும் கார் இடது பக்கமாகத்தான் முந்த வேண்டும். சர்வீஸ் ரோடு வந்து சேருவதும் அதே இடது பக்கம். லாரியின் மறைவிலிருந்து கார் பாய்கிறது. அதே நொடியில் மனைவி, குழந்தையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் மேலே ஏறுகிறார். யாருக்கும் யாரும் தெரிவதில்லை.

ஏறும் வழியை எங்கே வைப்பது, இறங்கும் வழியை எங்கே வைப்பது என்பது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. சாப்பிட்டவர் கை கழுவ வெளியே வருகிற வாசலிலேயே, அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறவர் உள்ளே ஓடினால்? பட்டுச்சேலையெல்லாம் சாம்பார்! (சிரிப்பு) நெடுஞ்சாலையிலும் முதலில் இறங்கும் வழி, பிறகு ஏறும் வழி இருக்க வேண்டும். ஏறுகிறவர் வேகம் எடுக்க, தனியாகக் கொஞ்ச தூரம் இடம் வேண்டும். ஏறும் வழியை முதலில் வைத்து, பக்கத்திலேயே இறங்கும் வழியையும் வைத்தால், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்வார்கள்.

"எதிர்த்திசையில் வருகிறானே, அது யார் தப்பு?" என்று கேட்டார்கள். தப்புதான். 2019 சட்டத் திருத்தமே அதை ஆபத்தான ஓட்டுதல் என்று சொல்கிறது. ஆனால் விடியற்காலையில் பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். தலைமுறையாக நேரே கடந்த பாதையை மறித்துச் சாலை போட்டுவிட்டு, "ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வா" என்றால் என்ன செய்வார்? எதிர்த்திசையில் இருநூறு மீட்டர் போனால் வேலை முடிந்தது! ஊருக்கு நேரே ஒரு சுரங்கப் பாதை இருந்தால், அவர் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார்?

ஜெர்மனியில் எவ்வளவு ஒழுக்கம் என்று மெச்சினார்கள். அந்த நாட்டு ஆட்டோபான் சாலையில் நடக்க அனுமதி இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் திறன் இல்லாத வண்டிக்கும் இடமில்லை. முதலில் சாலை ஒழுங்கானது. ஒழுக்கம் பிறகு வந்தது!

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 சதவீதம்தான். சாவிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான்! வேகமே முதல் காரணம் என்று அரசு அறிக்கை சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வழக்கு எழுதும்போது மனிதன் பேரைத்தான் எழுத முடியும். பாலத்தின் பேரை எழுத முடியுமா? (கைதட்டல்)

சட்டத்துக்கே இது புரிந்துவிட்டது. அதே 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு. சாலையைத் தரப்படி அமைக்காததால் உயிர் போனால், ஊனம் நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் கூண்டில் ஏற்றிய குற்றவாளியை எதிரணி விடுதலை செய்யலாமா?

மனிதன் அவசரப்படுவான், அசந்து போவான். அப்படிப்பட்டவனும் உயிரோடு வீடு போய்ச் சேருகிற மாதிரி போடுவதுதான் சாலை. ஆகவே சாலை அமைப்பே காரணம் என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.