வேவுக்காரன் எழுதி வைத்த சரித்திரம்

(ராயகிரியில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பேச்சை ஆரம்பிக்குமுன் ஒரு நண்பருக்கு வணக்கம் சொல்லிவிடுகிறோம். கூட்டத்தின் கடைசியில், டீக்கடை விளக்கு வெளிச்சத்தில், கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறாரே, அவருக்குத்தான். அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவரும் மாதச் சம்பளக்காரர். மேலே இருப்பவர் போகச் சொன்னார், வந்திருக்கிறார். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. இன்றையப் பேச்சே அவருடைய தொழிலைப் பற்றித்தான். ஆகவே நன்றாகக் கேட்டு, விடாமல் எழுதிக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போய்வரும் வாலிபத் தோழர் ஒருவர் சென்ற மாதம் எங்களைக் கேட்டார்: "துப்பறியும் நாவல் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கதையில்லாமல் நிஜமாக நடந்த உளவு, நிஜமான அரசியல் சரித்திரம், அப்படி ஏதாவது புத்தகம் உண்டா?" நல்ல கேள்வி. உண்டு, ஏராளமாக உண்டு. அந்தப் புத்தகங்களில் வரும் ஊர்களும் லண்டன், மாஸ்கோ மட்டுமல்ல. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டிப் பஸ்ஸில் போனால் வரும் தென்காசியும், அதற்கு அப்பால் உள்ள செங்கோட்டையும் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன.

முதலில் படிக்க வேண்டிய புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நூல். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கேட்டார்கள், போராடி ஜெயித்தார்கள். மார்ச் 12-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். பின்னர் நடந்த வழக்கில் இருவருக்கும் எதிராக நின்ற சாட்சியம் என்ன? வெடிகுண்டா? கத்தியா? மேடைப் பேச்சுக்கள்! போலீஸார் எடுத்து வைத்த குறிப்பு! அந்தக் குறிப்பை வைத்துத்தான் செஷன்ஸ் கோர்ட் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. ஹைகோர்ட் அப்புறம் குறைத்தது. கடைசியில் நிற்கும் நண்பரின் நோட்டுப் புத்தகத்தை நாம் லேசாக எண்ணக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1908-ல் தெருவில் இறங்கிய சாமானிய ஜனங்களின் பெயரை அன்றைய பெரிய மனிதர்கள் எழுதி வைக்கவில்லை. கைதானவன், அடிபட்டவன், அபராதம் கட்டியவன் ஆகியோரின் பெயரை எழுதி வைத்தவன் போலீஸ்காரனும் கோர்ட் குமாஸ்தாவும்தான். அவன் நம்மைத் தண்டிக்க எழுதினான். நூறு வருஷம் கழித்து ஒரு சரித்திர ஆசிரியர் அந்தக் கட்டைத் தூசி தட்டிப் பிரித்தால், நம் பாட்டன் பூட்டன்மாரின் பெயர் அதில் இருக்கிறது. வேவுக்காரன் எழுதியதை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இனி செங்கோட்டைக்கு வருவோம். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். உடனே தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ல்தான் நம்மோடு வந்தது. சில வாரங்களுக்குள் ஒரு ரகசிய சங்கம் முழுவதும் போலீஸ் கையில் வந்துவிட்டது. எப்படி வந்தது? கிடைத்த கடிதங்கள் கொஞ்சம் சொல்லின. மீதியைச் சங்கத்துக்குள்ளிருந்தே இரண்டு பேர் அப்ரூவராக மாறிச் சொன்னார்கள். தென்காசியில் கூடியது, சத்தியம் செய்துகொண்டது, எல்லாம் வெளியே வந்தது. பதினான்கு பேர்மேல் வழக்கு. ஒன்பது பேருக்குத் தண்டனை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். இந்த நீலகண்டர் விடுதலையான பிறகு சென்னையில் சிங்காரவேலரோடு தொடர்பு கொண்டு பொதுவுடைமைப் பிரசுரம் வெளியிட்டார், அதற்காக மறுபடியும் சிறை போனார் என்பது பலருக்குத் தெரியாது.

வாஞ்சியின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்த கடிதத்தையும் நீங்கள் படிக்க வேண்டும். அதில் சனாதன தர்மம் பேசப்படுகிறது. தாழ்த்தப்பட்டவன் என்ற சொல்லே வெள்ளை ராஜாவை ஏசும் வசைச் சொல்லாகப் பயன்படுகிறது. களத்துமேட்டில் வேலை செய்யும் நம் தோழர்கள் அதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும். மறைப்பதற்கு நாம் யார்? பத்துப் பதினைந்து பேர் கதவைச் சாத்திக்கொண்டு சத்தியம் செய்த சங்கத்தை உடைக்க இரண்டு அப்ரூவர்கள் போதும். கோரல் மில்லில் வேலையை நிறுத்திய அத்தனை பேரையும் உடைக்க எத்தனை அப்ரூவர் வேண்டும்? 1908-யும் 1911-யும் அடுத்தடுத்துப் படியுங்கள், உங்களுக்கே தெரியும். ஆஷைப் பற்றியும் அதே ஆசிரியர் 'ஆஷ் அடிச்சுவட்டில்' என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1918-ல் ரௌலட் கமிட்டி அறிக்கையில். சென்னை மாகாணத்துக்கும் அதில் இடமுண்டு. அதை எழுதியவர்கள் ரகசியப் போலீஸ் கொடுத்த கட்டுகளைப் பார்த்து எழுதினார்கள். அந்த அறிக்கையிலிருந்து 1919-ல் ரௌலட் சட்டம் பிறந்தது. அதை எதிர்த்த கிளர்ச்சி நாட்களில்தான் ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக்கில் சுட்டார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் படித்து நமக்குச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரிக்குப் போவோம். பாரதியார் 1908-லிருந்து பத்து வருஷம் அங்கே இருந்தார். வ.வே.சு. ஐயர், அரவிந்தர் ஆகியோரும் அங்கே இருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் மண்ணானதால் பிரிட்டிஷ் போலீஸ் பிடிக்க முடியாது. ஆனால் தெருவுக்குத் தெரு ஒற்றனை நிறுத்தலாம். நிறுத்தினார்கள். 1912 வாக்கில் ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள், காளி படம்! யாரோ கொண்டுவந்து போட்டது. சோதனை வந்து அதைக் கண்டெடுத்தால் போதும், பிரெஞ்சு சர்க்காரே இவர்களை வெளியேற்றிவிடும். இவர்கள் என்ன செய்தார்கள்? முந்திக்கொண்டு தாங்களே அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அதன் பின்னால் அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு மாஜிஸ்திரேட், அலமாரி நிறைய கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து அசந்துபோய், மரியாதையோடு திரும்பிப் போனார். புத்தகம் படித்தால் என்ன பிரயோஜனம் என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்!

சிரித்தது போதும். கிணற்று ஜாடி அந்தக் காலத்தோடு ஒழிந்துவிட்டதா? அல்பா ஷா என்ற ஆசிரியை 2024-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தமிழில் சொன்னால் 'சிறைவைப்புகள்' என்று தலைப்பு. பீமா கோரேகாவ் வழக்கைப் பற்றியது. அந்த வழக்கில் 2018 ஜூனில் கைதானவர் ரோனா வில்சன். அவருடைய லேப்டாப்பில் சதிக் கடிதங்கள் இருந்தன என்பது முக்கிய சாட்சியம். வக்கீல்கள் கேட்டுக்கொண்டபடி அமெரிக்காவில் உள்ள ஆர்சனல் கன்சல்டிங் என்ற நிறுவனம் அந்தக் கம்ப்யூட்டரின் பிரதியைச் சோதித்தது. 2021 பிப்ரவரியில் அது சொன்னது: வெளியாள் ஒருவன் ஈ-மெயில் வழியே நுழைந்து, 22 மாதங்களாக உள்ளே உட்கார்ந்து, அந்தக் கடிதங்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான், ரோனா வில்சன் அவற்றைத் திறந்து பார்த்த அடையாளமே இல்லை. விசாரணை செய்யும் தேசியப் புலனாய்வு முகமை இதை ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியது கோர்ட்.

அதே வழக்கில் கைதானவர் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. திருச்சி ஜில்லாவில் பிறந்த தமிழர். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, உறிஞ்சிக் குடிக்க ஒரு குவளை கொடுங்கள் என்று கோர்ட்டுக்கு மனுப்போட வேண்டியிருந்தது அவருக்கு. விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5-ல், 84-வது வயதில் இறந்தார். அவருடைய கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் காகிதங்கள் போடப்பட்டன என்று அதே நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஐயர் வீட்டுக் கிணற்றில் விழுந்த ஜாடி கண்ணுக்குத் தெரிந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க முடிந்தது. இந்த ஜாடி கண்ணுக்குத் தெரியாது.

சரி, நம் சொந்த இயக்கத்தின் கதை? அதையும் முதலில் எழுதியவன் வேவுக்காரன்தான். மத்திய உளவு இலாகாவின் தலைவராக இருந்த சிசில் கேய், பிறகு வந்த டேவிட் பெட்ரி, இருவரும் இந்தியாவில் கம்யூனிஸம் என்று ரகசிய அறிக்கை எழுதினார்கள். பின்னர் அவை கல்கத்தாவில் புத்தகமாகவே வந்தன. கேயின் அறிக்கை 1971-ல் வந்தது. இந்தப் பெட்ரிதான் இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டனின் உள்நாட்டு உளவு ஸ்தாபனத்துக்கே தலைவரானார். இந்தியாவில் கற்றுக்கொண்ட கைவரிசை! எம்.என். ராய் வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதங்களைத் தபாலில் பிரித்துப் படமெடுத்து, மறுபடி ஒட்டி, உரியவருக்கே அனுப்பினார்கள். பெறுபவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கடிதங்கள் 1924-ல் கான்பூர் சதி வழக்கில் சாட்சியமாயின. 1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர்மேலும் குற்றச்சாட்டு வந்தது. உடல்நலமில்லாததால் அவரைக் கான்பூர் கொண்டுபோகவில்லை. கே. முருகேசனும் சி.எஸ். சுப்பிரமணியமும் சேர்ந்து எழுதிய சிங்காரவேலர் வாழ்க்கை வரலாற்றை இந்த அறிக்கைகளோடு சேர்த்துப் படியுங்கள். போலீஸ் பார்த்த மனிதர் ஒருவர், தொழிலாளி பார்த்த மனிதர் ஒருவர். இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

கசப்பான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1964-ல் டில்லி ஆவணக் காப்பகத்திலிருந்து சில கடிதங்கள் வெளியாயின. கான்பூர் வழக்கில் சிறையிலிருந்த டாங்கே, வெள்ளையர் சர்க்காருக்கு உதவுவதாக 1924-ல் எழுதியவை என்று சொல்லப்பட்டது. போலி என்றார் டாங்கே. உண்மை என்றார்கள் எதிர்த்தரப்பார். அந்த வருஷமே கட்சி இரண்டாகப் பிளந்தது. பிளவுக்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் நாற்பது வருஷப் பழைய காகிதம் ஒன்று எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது. போலீஸ் கட்டில் இருப்பதெல்லாம் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, வேதவாக்கு என்று நம்பவும் முடியாது. யார் எழுதினான், யாருக்காக எழுதினான், என்ன கிடைக்கும் என்று எழுதினான், வேறு எங்காவது அதே செய்தி இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் படிக்க வேண்டும். சிரமம்தான். நூல் அறுந்தால் பொறுமையாக முடிச்சுப் போடுகிறீர்களே, அந்த அளவு பொறுமை வேண்டும்.

மேற்கே தெரிகிறதே மலை, அதற்கு அப்புறம் கேரளம். 1957-ல் அங்கே நம்பூதிரிபாட் மந்திரிசபை வந்தது. 1959 ஜூலை 31-ல் கலைக்கப்பட்டது. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்கக் கேரளத்தில் ஒரு முறை, மேற்கு வங்கத்தில் ஒரு முறை, அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்தது என்று அவரே எழுதினார். இந்திரா காந்தி மறுத்தார். உடனே கை தட்டாதீர்கள்! சோவியத் உளவு ஸ்தாபனமான கே.ஜி.பி.யின் காப்பகத்தில் வேலை பார்த்த மித்ரோகின் என்பவர் 1992-ல் பிரிட்டனுக்கு ஓடிப்போனார். அவர் கொண்டுபோன குறிப்புகளை வைத்து 2005-ல் வெளிவந்த புத்தகம், மாஸ்கோவின் பணமும் இங்கே வந்தது, காங்கிரஸுக்கும் வந்தது, கம்யூனிஸ்ட் கட்சிக்கும் வந்தது என்கிறது. கட்சிகள் மறுத்தன. அவை கையால் எழுதிய குறிப்புகள், மூலப் பத்திரங்கள் அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். முன்னதை நம்பிப் பின்னதைப் பார்க்காமலே தள்ளினால் அது படிப்பாகுமா? இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் படியுங்கள். இரண்டுக்கும் பொதுவாகப் பால் மெகார் 2024-ல் எழுதிய 'தெற்காசியாவில் உளவு' என்ற ஆங்கில நூல் இருக்கிறது. காப்பகக் கட்டுகளைப் பார்த்து எழுதியது. நாலு பேர் சேர்ந்து வாங்கலாம்.

அடுத்த ஞாயிறு மாலை இதே இடத்தில் 1908 புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம்; ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்கலாம். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக ஐந்து மணிக்கே தொடங்கிவிடுவோம். குறிப்பெடுக்கும் நண்பர் டீக்கடையில் நின்று கால் வலிக்க எழுத வேண்டாம். அவருக்கும் ஒரு பாய் விரித்து வைக்கிறோம்.