காத்திருந்த இடக்கை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் புலவரைப் பற்றியோ புரவலரைப் பற்றியோ பேசுவதே நம் வழக்கம். இன்று நாம் பந்து வீசிய ஒருவரைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். அவர் தமிழர் அல்லர். நம்மை வாழ வைக்கும் இக்கன்னட நாட்டின் மைந்தர். இரகுராம் பட் என்பது அவர் பெயர். கிரிக்கெட்டில் இடக்கையால் சுழற்பந்து வீசுவது அவர் தொழில். இந்திய நாட்டுக்காக அவர் ஆடிய டெஸ்டுகள் இரண்டே இரண்டு. இரண்டே ஆட்டம் ஆடியவரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்களாயின், அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

1982ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். இரஞ்சிக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் நம் பெங்களூர் சின்னசாமி அரங்கில் நடைபெற்றது. எதிரே நின்றது பம்பாய். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை விட்டுக் கொடாதிருந்த பெருமை வாய்ந்த அணி அது. அதன் தலைவர் சுனில் கவாஸ்கர். முதல் ஆட்டத்தில் பட் அவர்கள் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வெளியேற்றினார். மொத்தம் 123 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பம்பாய் 271க்குச் சுருண்டது. கருநாடகம் 470 எடுத்தது.

இரண்டாம் ஆட்டத்தில் நடந்ததுதான் வியப்பு. ஆடுகளம் உடைந்து தூளாகிவிட்டது. பட் அவர்களின் பந்து, வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே விலகிச் சீறியது. மட்டையின் விளிம்பைத் தொட்டால் போதும், அருகில் நிற்பவர் கைக்குப் பிடியாகிவிடும். ஆனால் அதே பந்து இடக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்பும். அவர் அதனைக் காலாலும் உடலாலும் தடுத்துக் கொள்ளலாம். இதனை ஆய்ந்துணர்ந்த கவாஸ்கர், பின்வரிசையில் இறங்கி, பட் வீசும்போது இடக்கை ஆட்டக்காரராகவே நின்றார்! பம்பாய் ஒன்பது விக்கெட்டுக்கு 200 என்ற நிலையில் ஆட்டம் முடிவின்றி நின்றது. முதலாட்ட முன்னிலையால் இறுதிக்குச் சென்றது கருநாடகம். அன்று உலகின் தலைசிறந்த மட்டையாளருள் ஒருவராக விளங்கியவர், ஒருவருடைய பந்துக்காகத் தம் கையையே மாற்றிக் கொண்டார். அன்பர்களே, இதனினும் உயர்ந்த பட்டயம் ஒன்று உண்டோ?

அவ்வளவு திறம் படைத்தவர்க்கும் இந்திய அணியின் கதவு எளிதில் திறக்கவில்லை. ஓர் அணியில் இடக்கைச் சுழல் வீரர்க்கு இருக்கும் நாற்காலி பெரும்பாலும் ஒன்றே. 114 டெஸ்டு விக்கெட்டுகள் கண்ட திலீப் தோஷி அதில் இருந்தார். அவருடைய கடைசி டெஸ்டும் 1983இல் இதே பெங்களூரில்தான் நிகழ்ந்தது. மட்டையும் பிடிக்க வல்ல இரவி சாஸ்திரி ஒருபுறம். 1982இல் பதினேழு வயதிலேயே டெஸ்டு ஆடிய மணீந்தர் சிங் மறுபுறம். இடைப்பட்ட சிறு வழியில் பட் அவர்கள் நுழைந்தார். 1983 அக்டோபரில் நாகபுரியில் பாகிஸ்தானோடு ஓர் ஆட்டம். அதே திங்களில் கான்பூரில் மேற்கிந்தியத் தீவினரோடு ஓர் ஆட்டம். கிடைத்தவை நான்கு விக்கெட்டுகள். அக்டோபர் முடியுமுன் கதவு மூடிக்கொண்டது. அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து.

அதன் பின்னர் அவர் என் செய்தார்? மனம் கசந்து பந்தைக் கீழே வைத்தாரில்லை. கருநாடகத்துக்காக ஆண்டுதோறும் வீசிக் கொண்டேயிருந்தார். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 374. பிற்காலத்தில், 2022இல், இம்மாநிலக் கிரிக்கெட்டுச் சங்கத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

இவரேனும் இருமுறை ஆடினார். ஒருமுறையும் ஆடாதார் எத்தனை பேர்! அரியானாவின் இராஜீந்தர் கோயல் இரஞ்சி ஆட்டங்களில் 637 விக்கெட்டுகள் எடுத்தார். அதனை மிஞ்சியவர் எவரும் இலர். பம்பாயின் பத்மாகர் சிவால்கரும் அத்தகையவரே. இருவர் காலத்திலும் அந்த ஒற்றை நாற்காலியில் பிஷன் சிங் பேடி வீற்றிருந்தார். நம் கருநாடகத்து விஜயகிருஷ்ணா, பிரசன்னா, சந்திரசேகர் என்னும் இரு பெரு மரங்களின் நிழலில் பல்லாண்டு வீசினார். நம் தாயகத்து வாசுதேவனோ, 1988இல் தமிழ்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கி, முப்பத்து மூன்று ஆண்டுகட்குப் பின் இரஞ்சிக் கோப்பையைச் சென்னைக்குக் கொணர்ந்தார். இவரும் இடக்கைச் சுழல் வீரரே. இவர்க்கும் டெஸ்டு வாய்க்கவில்லை.

கடல் கடந்தும் இவ்வினத்தார் உளர். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில், முதலில் எறிபவர் தளர்ந்த பின் துணைக்கு அழைக்கப்பெறும் எறிவீரர் உண்டு. தனியிடத்தில் காத்திருந்து, அழைப்பு வந்ததும் ஓடிச் செல்வார்; 2020க்கு முன்பெல்லாம் சில வேளை ஒரே ஓர் ஆட்டக்காரர்க்கு மட்டும் எறிந்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. ஜெசி ஒரோஸ்கோ என்னும் இடக்கையர் இவ்வாறே 1979 முதல் 2003 வரை ஒன்பது அணிகளில் மாறி மாறிப் பணி செய்தார். மொத்தம் 1252 ஆட்டங்கள்! அந்நாட்டுப் பெருங்கழக ஆட்டத்தில் அவ்வளவு முறை எறிந்தவர் வேறொருவரும் இலர்.

பெருமக்களே! இவர்களைப் போற்றுவதால், அவர்கட்கு நேர்ந்தது நன்று என்று நாம் கூறவில்லை. தகுதி இருந்தும் இடம் கிட்டாமை துன்பமே. அதனைத் துன்பம் என்றே சொல்லுதல் வேண்டும். ஆயினும் நாற்காலி ஒன்றாயிருப்பது வீசுபவரின் குற்றம் அன்று. நாற்காலி பிறர் தருவது; தொழிற்றிறமோ தாமே ஈட்டுவது.

அல்சூரிலும் கண்டோன்மெண்டிலும் ஆலைப் பணிக்கும் அலுவலகப் பணிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் இதனை அறியாதன அல்ல. நம்முள் எத்தனை பேர் இரண்டாம் வரிசையில் நின்றே ஒரு வாழ்நாள் முழுதும் செம்மையாகப் பணி முடித்திருக்கிறோம்! ஆயினும் நம் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு வரும்போது, முதல் இடம் யாருக்கு என்றே முதற்கண் கேட்கிறோம். இனி ஒரு கேள்வி கூடக் கேட்போம்: கற்றதைச் செவ்வனே கற்றாயா? அழைப்பு வரும் நாளில் உன் கை ஆயத்தமாயிருக்குமா?

காலம் அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். காலம் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஒருவர்க்கு அது பன்னீராண்டு. மற்றொருவர்க்கு ஒரே திங்கள். அந்த ஒரு திங்களுக்காகவும் கையைப் பழக்கி வைத்திருந்தவரை இந்நன்னாளில் நினைந்து, அவர் வீசிய இவ்வூரிலேயே அவரை வாழ்த்தி அமைகிறோம்.