இசைக்கல்விக்கு ஓர் அறக்கட்டளை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இசையை வளர்த்த கொடை பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். அக்கொடை இருவகைப்படும். அரங்கேறிய கலைஞருக்கு வழங்கும் பரிசில் ஒன்று. அரங்கேறும் நாள்வரை கற்பதற்கு வழங்கும் துணை மற்றொன்று.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நினைவுகூர்வோம். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவரின் தகுதிகளையும் அடிகள் விரித்துரைக்கிறார். அரங்கேறிய அன்று அவள் பெற்ற 1,008 கழஞ்சுப் பொன்னையும் கணக்கிட்டுச் சொல்கிறார். ஆனால் அந்த ஏழாண்டும் அவ்வாசிரியர்களைப் புரந்தவர் யார் என்பதைக் காப்பியம் கூறவில்லை. பரிசில் புகழ்பெறுகிறது, பயிற்சிக்கு ஆன செலவு மறக்கப்படுகிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். காரைக்குடி என்னும் பெயரை இசையுலகம் வீணையோடு சேர்த்தே அறியும். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்னும் சகோதரர் இருவரே அதற்குக் காரணர். குருகுல முறையில் சிலரைப் பயிற்றுவித்த சாம்பசிவ ஐயர், தம் முதுமையில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஆசிரியராய் அமர்ந்தார். ஆசிரியரை வைத்துக் காக்கும் நிறுவனம் அங்கே இருந்தது. பெயர் நம் ஊரில் தங்கிற்று. பாடம் சென்னைக்குச் சென்றது. இன்று நம் பள்ளிப் பிள்ளைகளுள் வீணையைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

இந்த மண்ணில் பிறந்தோர்க்கு இவ்வுண்மை தெரியாததன்று. கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை அரசர், 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டபோது இசைக்கல்லூரியையும் உடன் வைத்தார். அங்குத் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் எண்ணமே 1941இல் தமிழிசை மாநாடாக மலர்ந்தது. மறு ஆண்டு பர்மா சப்பானியர் வசமாயிற்று. நகரத்தார் தலைமுறை தலைமுறையாகத் தேடிய செல்வத்தின் பெரும்பகுதி அங்கே சிக்கிக்கொண்டது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1943இல், சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. சங்கம் விழா எடுப்பதோடு நிற்கவில்லை, கல்லூரியும் நடத்தியது. அதில் பயின்றே சீர்காழி கோவிந்தராசன் 1949இல் ‘இசைமணி’ பட்டம் பெற்றார். அரசர் 1948இல் மறைந்தார். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழகம் அரசின் பொறுப்பில் வந்தது. எனினும் இசை வகுப்பு நிற்கவில்லை. கொடுத்தவர் மறைந்த பின்னும் கற்பிப்பதே நிறுவனமாக்கப்பட்ட கொடையின் சிறப்பு.

‘ஆற்றல் உள்ள பிள்ளை எப்படியும் மேலே வந்துவிடும்’ என்பார் உளர். வசதியுள்ள வீட்டில் அது நிகழலாம். மற்ற வீட்டில், நல்ல குரல் பள்ளிக் கடவுள் வாழ்த்தோடு முடிந்துவிடுகிறது. பாடும் மாணவியருக்குக் கைதட்டிய பின், ‘இவளை யாரிடம் அனுப்புவது?’ என்று ஆசிரியைகளாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

ஆதலால் ஒரு வேண்டுகோள். வட்டி என்பது யாதென இந்த ஊருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஐந்து இலட்சம் ரூபாயை வைப்புநிதியாக இட்டு, நூற்றுக்கு ஆறு விழுக்காடு கிடைத்தாலும் ஆண்டுக்கு 30,000 ரூபாய்; மாதத்திற்கு 2,500. வாரம் இரண்டு மாலை ஓர் ஆசிரியர் ஒரு பள்ளிக்கு வந்துபோக இது தொடக்கமாகும். முதலில் கைவைக்கலாகாது. வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயில் வளர்த்த மரபு நம்முடையது. அவ்வாறே ஒவ்வோர் ஆண்டும் விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவோம். கருவிகளை இரவலாகத் தருவோர் இருப்பின், வளவுகளில் உறையிட்டுக் கிடக்கும் வீணைகளும் ஒலிக்கும்.

பத்தாண்டு இலக்கியம் பேசிய வட்டம் இது. இயலோடு இசையையும் சேர்த்தே தமிழ் என்றனர் முன்னோர். பதினோராம் ஆண்டில் ஒரு பள்ளி, ஓர் ஆசிரியர், பத்து மாணவர் என்று தொடங்குவோம். இதனைத் தீர்மானமாக ஏற்றுக்கொள்ளுமாறு அவையை வேண்டி அமைகிறேன்.